பக்கத்துக் கட்டில்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நோயாளியின் கதையோடு தொடங்குகிறேன்.

2008 ஜனவரி. ஸ்வீடனில் வாழும் ஓர் இந்திய வம்சாவளிக்காரரின் சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவர் டெல்லியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சிறுநீரில் வளர்ந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு நாங்கள் போடும் கார்பபெனெம் ஊசி மருந்தையே அது உடைத்துப்போட்டது. உடைக்கிற நொதிக்கு என்டிஎம்-1 என்று பெயர் வந்தது. 'என்டி' என்றால் நியூ டெல்லி.

ஊர்ப் பெயரை வைத்ததற்கு இங்கே பெரிய சண்டை நடந்தது. சரி, அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அதே நோயாளியின் மலத்தில் இருந்த ஈ.கோலை என்ற வேறு பாக்டீரியாவிலும் அந்த நொதியை உண்டாக்கும் அதே மரபணு இருந்தது! நாம் சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்போம். பாக்டீரியா பக்கத்தில் இருப்பவனுக்கும் கொடுத்துவிடும். அந்த மரபணு உட்கார்ந்திருக்கும் பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தைப் பிரதியெடுத்து, ஒட்டி நின்றபடியே தள்ளிவிடும்.

2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். என்டிஎம்-1 உள்ள பாக்டீரியா சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் கிடைத்திருந்தது.

ஐசியூவை நினைத்துப் பாருங்கள். சிறுநீர்க் குழாய், மூச்சுக்குழாய், நாள்கணக்கில் ஆன்டிபயாடிக். குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்கள் செத்துப்போக, தப்பித்தது மட்டும் அந்த இடத்தில் பெருகும். அதைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் எங்கள் கைதான். அங்கே படுத்திருப்பவர் அனாவசியமாக ஒரு மாத்திரைகூடத் தின்னாதவராக இருக்கலாம்.

அப்புறம் மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற ஒன்றிரண்டு மருந்துகள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த மருந்து அது. அதையும் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2019இல்தான் தடை வந்தது.

கடையில் சீட்டில்லாமல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கக்கூடாது என்ற எச்1 விதி 2014 மார்ச்சிலேயே வந்துவிட்டது. இன்றும் சளிக்கு "நாலு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். சாதாரண சளி வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்து வேலையே செய்யாது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டார் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கட்டிலருகே வரும் டாக்டரோ நர்ஸோ, யாராக இருந்தாலும், "கை கழுவிட்டீங்களா?" என்று கேளுங்கள். என்னையும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன், கழுவிவிட்டுத்தான் தொடுவேன்.