அலோபியூரினோல் துவங்கினாப் பிறகும் கால் வீங்கினா நிப்பாட்டலாமோ? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோப்பாயிலயிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. "அப்பாவுக்கு 58 வயது. பிரஷரும் இருக்கு. ராவில காற்பெருவிரல் சிவந்து வீங்கினது. சோதிக்க யூரிக் அசிட் 6.2தான். பிறகு கவுட் (யூரிக் அசிட் மூட்டில படிஞ்சு வாற வாதம்) எண்டு, யூரிக் அசிட்டைக் குறைக்கிற அலோபியூரினோல் குளிசை துவங்க, ரெண்டாம் கிழமை திரும்ப வீங்கிட்டுது. ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நிப்பாட்டிட்டம். சரியோ?"

இல்லை தங்கச்சி, நிப்பாட்டியிருக்கக் கூடாது.

மூட்டு வீங்கியிருக்கிற நேரம் ரத்தத்தில யூரிக் அசிட் இறங்கிக் காட்டலாம். வீக்கம் வத்தி 2, 4 கிழமையால சோதிச்சாத்தான் உண்மை தெரியும். ஒரு டெசிலீற்றரில 6.8 மில்லிகிராமைத் தாண்டினா அது கரைஞ்சு நிக்க ஏலாமல் மூட்டுக்குள்ள பளிங்காப் படியும். அலோபியூரினோல் போட, படிஞ்சது கரைஞ்சு உதிரும். அப்பத்தான் திரும்ப வீங்கிறது. குளிசை வேலை செய்யுது எண்டுதான் அதுக்கு அர்த்தம்.

அதாலதான் அலோபியூரினோலை நாளுக்கு 100 மில்லிகிராமில துவங்கிறது, சிறுநீரகம் பழுதெண்டா 50. நாலு கிழமைக்கு ஒருக்காச் சோதிச்சுக் குளிசையைக் கூட்டி, யூரிக் அசிட்டை 6க்குக் கீழ கொண்டுவர வேணும். கூடவே வீக்கம் திரும்ப வராமல் தடுக்கிற கொல்கிசின் 0.5 மில்லிகிராம், நாளுக்கு ஒண்டோ ரெண்டோ, 3 தொடக்கம் 6 மாதம். இந்தக் கொல்கிசினை விட்டா அப்பாவுக்கு வந்த மாதிரித்தான் வரும். ஆனா தோலில தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தா மட்டும் அலோபியூரினோலை உடன நிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

எனக்குப் பெரிய கவலை டைக்ளோபெனாக் எண்ட நோக்குளிசை. நோ வர வர மருந்துக்கடையில வாங்கிப் போடுகினம். பிரஷரும் சீனியும் உள்ள ஆக்களுக்கு அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீரகம் பழுதானா யூரிக் அசிட் வெளியேறாது, கவுட் இன்னும் கூடும். அப்பிடி வாட்டுக்கு வந்தா டைக்ளோபெனாக் குடுக்க ஏலாது, கொல்கிசினையும் குறைக்க வேணும். மிஞ்சிறது ஸ்டீரொயிட், அது சீனியை ஏத்தும். ஒரு பெருவிரல் வீக்கத்துக்கு வந்தவர் கிறியற்றினினும் (சிறுநீரகத்தின்ர நிலையைக் காட்டிற ரத்த அளவு) சீனியும் சோதிச்சுக்கொண்டு கட்டிலில கிடக்க வேண்டி வருது. ஒழுங்காக் குளிசை போட்டிருந்தா இதில கனபேர் வாட்டுக்கே வரத் தேவையில்லை.

பிரஷருக்கு என்ன குளிசை எண்டும் பாருங்கோ. ஹைட்ரோகுளோரோதயசைட் யூரிக் அசிட்டைக் கூட்டும், லொசாட்டன் கொஞ்சம் இறக்கும். நீங்களா மாத்தாமல் டொக்டரிட்டக் கேளுங்கோ.

பருப்பையும் கீரையையும் நிப்பாட்டிப்போட்டு கள்ளைக் குடிக்கிறதில பிரயோசனமில்லை. கள்ளு, பியர், ஈரல், சூடை, நெத்தலி, இனிப்புச் சோடா, இதுகளைத்தான் குறைக்க வேணும். ஆனா சாப்பாட்டால மட்டும் யூரிக் அசிட் இறங்கிறது கிட்டத்தட்ட 1 மில்லிகிராம்தான்.

அப்பாவுக்குத் தடிப்பு ஒண்டும் வரேல்லையெண்டா, போடுற குளிசை எல்லாத்தையும், ரத்த றிப்போட்டையும் கொண்டு கிளினிக்குக்குப் போய்த் திரும்பத் துவங்குங்கோ. காய்ச்சலோட மூட்டு வீங்கினா கவுட்தானே எண்டு வீட்டில இருக்காதேங்கோ. உள்ள கிருமி போயிருக்கோ எண்டு ஊசியால நீர் எடுத்துப் பாக்க வேணும், அண்டைக்கே போங்கோ.