விசுவாசத்துக்குத் தோள்பலமும் வேண்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, சபையாரே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். "விசுவாச வாழ்வுக்கு உடற்பயிற்சி துணையா, தடையா?" என்பது இன்றைய தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் எடுத்த எடுப்பிலேயே, அப்போஸ்தலர் பவுல் தன் இளம் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்திலிருந்து, அதாவது கடிதத்திலிருந்து, 1 தீமோத்தேயு 4:8-ஐ வைத்துவிட்டார். "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று பவுலே சொல்லியாயிற்று, அப்புறம் என்ன பேச்சு என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சரி அண்ணே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். அதே நிருபம், அடுத்த அதிகாரம், 23-ஆம் வசனம். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அவனுக்கு அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் பவுல் கவலைப்படுகிறார். தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று வைத்தியம் சொல்கிறார். உடம்பை ஒதுக்கித் தள்ளியவர் இப்படி எழுதுவாரா? தேவபக்தி முதலில், உடம்பு அடுத்து. அந்த வரிசையில் எங்களுக்குச் சண்டையே இல்லை. இரண்டாவதாக வருவதை வேண்டாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள் நடுவர் அவர்களே. கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட மனிதர், யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணினானா? உன் விசுவாசம் எங்கே என்று கடிந்துகொண்டானா? தூங்கிக் கிடந்தவரைத் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அந்தப் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம் கேட்கிறது. நம் சபையில் மனம் உடைந்து வருகிற பிள்ளைகளிடம் "இன்னும் ஜெபி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஒழுங்காகத் தூங்கினாயா தம்பி, சாப்பிட்டாயா, வெயில் முகத்தில் பட வெளியே நடந்தாயா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? எனக்கு இது நெடுநாள் வருத்தம்.

அடுத்து மாற்கு சுவிசேஷம் 2-ஆம் அதிகாரம். கைகால் முடங்கிய திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாசலில் நுழைய முடியவில்லை. மேலே ஏறுகிறார்கள், கூரையைப் பிரிக்கிறார்கள், படுக்கையோடு இறக்குகிறார்கள். "அவர்கள் விசுவாசத்தை" இயேசு கண்டார் என்று வசனம் சொல்கிறது. அவர் கண்ட அந்த விசுவாசம் வியர்த்துப்போய் நின்றிருக்கும்! நாலில் ஒருவருக்குத் தோள் வலித்து நடுவழியில் இறக்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் அசன விருந்தில் சோற்று அண்டாவை இறக்க வாலிபர் ஐக்கியத்தில் எத்தனை பேர் முன்னே வருகிறார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

எதிரணித் தங்கை சொன்னதில் நியாயம் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று தன் புஜத்தையே ஆராதிப்பவர்கள் உண்டு. ஊசி போட்டு உடம்பை ஏற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நாங்கள் வாதாட வரவில்லை. ஆனால் ஜிம் என்றாலே அது உலகத்தான் இடம் என்றாரே, அதை ஏற்க முடியாது. 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர், தன்னைப் போன்ற இளைஞர்களை ஜெபத்துக்கும் வேதபாடத்துக்கும் கூட்டிய சங்கம்தான் ஒய்.எம்.சி.ஏ. கூடைப்பந்து பிறந்தது அதன் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில், 1891-இல். அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். 1895-இல் வாலிபால் வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். 1920-இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது.

ஞாயிறு ஆராதனையை விளையாட்டு விழுங்கிவிடும் என்ற பயத்துக்கு ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடல் பதில் சொல்வார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓட மாட்டேன் என்றார். 400 மீட்டருக்கு மாறி 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே மிஷனரியாகச் சீனா போனார். போர்க்காலத்தில் அங்கே ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் அடைபட்டபோதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, விளையாட்டுகளும் நடத்தினார். 1945-இல் மூளைக்கட்டியால் அங்கேயே இறந்தார், வயது 43. அத்தனை திடமான உடம்பும் போய்விட்டதே, என்ன பயன் என்று எதிரணி கேட்கலாம். அவர் அதைச் சேர்த்து வைக்கவில்லை ஐயா, பிறருக்காகச் செலவழித்தார். நாங்கள் கேட்கிற பலம் அதுதான்.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. போதகர் ஐயாவிடம் மட்டும் ஒரு விண்ணப்பம். காலை ஜெபம் முடிந்ததும் கோவில் மைதானத்தின் கேட்டைப் பூட்டாமல் விடுங்கள். வாலிபர்களைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு. எதிரணி அண்ணனும் தங்கையும்கூட வரலாம். நன்றி, வணக்கம்.