மருந்துச் சீட்டோடு முடிவதில்லை மருத்துவர் கடமை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எச்.ஐ.வி. பரவலை ஒழிப்பதில் மருத்துவரின் கடமை சிகிச்சை அறையோடு முடிகிறதா, ஊர் மன்றம் வரை நீள்கிறதா என்பது தலைப்பு. நீள்கிறது என்று பேச வந்திருக்கிறேன். மருத்துவர் என்று நான் சொன்னால் செவிலியர், ஆலோசகர், மருந்தாளுநர் எல்லோரும் அதில் அடக்கம்.

"நல்ல மருந்து வந்துவிட்டது, அதை ஒழுங்காகக் கொடுத்தாலே போதும், டாக்டருக்கு எதற்கு மேடையும் மனுவும்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். மருந்து நல்ல மருந்துதான். தொற்றுள்ளவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைச் சீக்கிரமே தொடங்கினால் அவருடைய வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவால் பரவுவதே இல்லை என்பதும் அப்புறம் உறுதியானது. சரி, அப்படியானால் புதிய தொற்று ஏன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது?

சிகிச்சை அறைக்குள் போய்ப் பாருங்கள். நன்றாக இருந்த ஒருவருக்கு வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸ் அளவு, ஏறியிருக்கிறது. "மாத்திரை விட்டுப்போச்சா?" என்று கேட்டால் தலை குனிகிறார். பொறுமையாகக் கேட்டால் காரணம் வருகிறது. மருந்து தரும் மையம் வேலை நேரத்தில் மட்டும்தான் திறந்திருக்கிறது. மருந்து வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு. வாசலில் நோயின் பெயரோடு ஒரு பலகை. அதன் கீழே வரிசையில் நின்றால் தெரிந்தவர் கண்ணில் படும். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதலாம். திறக்கும் நேரத்தையும் வாசல் பலகையையும் சீட்டில் எழுதி மாற்ற முடியுமா? அதை முடிவு செய்கிறவர்கள் நிர்வாகக் குழுவிலும் உள்ளாட்சி மன்றத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நோயாளியே போய்க் கேட்கட்டுமே" என்றார்கள். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்; இந்த இயக்கத்தைக் கட்டியவர்களே அவர்கள்தான், அவர்களை வணங்குகிறேன். ஆனால் எல்லோராலும் அது ஆகாது. மன்றத்தில் எழுந்து 'அந்தப் பலகையை எடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், அந்த நிமிடமே ஊருக்கெல்லாம் தன் நோயைச் சொன்னதாகிவிடும். பெயரோ அடையாளமோ சொல்லாமல் அந்த உண்மையை எடுத்துவைக்கக் கூடியவர், அதே காரணத்தைப் பலர் வாயால் கேட்ட மருத்துவர்தான். ரகசியம் காக்க வேண்டும் என்று எதிரணி சொன்னதே என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது.

மருத்துவர் அரசியல் பேசலாமா என்றும் கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க, பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில சொட்டு என நெவிரபின் மருந்து இருந்தது. அரசுக்கு அதை இலவசமாகத் தரவும் தயாரிப்பாளர் முன்வந்திருந்தார். ஆனால் மாகாணத்துக்கு இரண்டே இடங்களில்தான் கொடுக்கலாம் என்று அரசு வைத்திருந்தது. மற்ற அரசு மருத்துவமனை டாக்டர்கள், தொற்றைத் தடுக்க வழி தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஹாரூன் சலூஜி என்ற குழந்தை மருத்துவர் தொற்றுள்ளோர் அமைப்போடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கச் சொன்னது. அவர் பேசியது அரசியல் என்றால், அந்த அரசியலால் பிழைத்த குழந்தைகள் இருக்கிறார்கள்.

இன்னும் கீழே, உள்ளூர் மட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று சுமார் நாலாயிரம் பேர் வாழும் ஊர். 2015-இல் அங்கே வலி மாத்திரையைக் கரைத்து ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டதில் எச்.ஐ.வி. காட்டுத் தீயாகப் பரவியது. எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுத்தால் பரவல் குறையும் என்று உலகத்துக்கே தெரியும். அங்கே சட்டம் அதைத் தடுத்தது. ஊரில் இருந்த ஒரே மருத்துவர் வில்லியம் குக். சிகிச்சையும் கொடுத்தார், ஊசி பரிமாற்றம் வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடவும் செய்தார். ஆளுநர் அவசர உத்தரவு போட்டார், திட்டம் தொடங்கியது, புதிய தொற்று படிப்படியாக விழுந்தது.

அந்தக் கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2021-இல் அந்த ஊர் இருக்கும் கவுண்டியின், அதாவது மாவட்டம் போன்ற பகுதியின், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் மூவர் கூடி, திட்டத்தை மூடிவிட முடிவெடுத்தார்கள். இரண்டுக்கு ஒன்று. 'பேசியும் தோற்றார்களே' என்று எதிரணி இதைத் தங்கள் பக்கம் இழுக்கலாம். நான் பார்ப்பது அந்த எண்ணை. ஒரே ஒரு கை மாறியிருந்தால் திட்டம் பிழைத்திருக்கும். ஒரு கையை மாற்ற, ஊர் நம்புகிற மருத்துவர்களும் செவிலியர்களும் மாதக்கணக்கில் முன்கூட்டியே போய்ப் பேச வேண்டும். வாக்கெடுப்பு நாளில் மட்டும் வந்து நின்றால் போதாது.

நேரம் எங்கே என்கிறார்கள். நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது யாரையும் எழுந்து வரச் சொல்லவில்லை. எல்லோரும் போக வேண்டாம், முறை வைத்துக்கொள்ளலாம். மன்றம் கூடும் மாலையில் ஒருவரை நிர்வாகம் பணி நேரமாகவே கணக்கிட்டு அனுப்பட்டும். அவர் கையில் ஒரு பக்கக் குறிப்பு போதும்: எத்தனை பேர் மருந்தை நிறுத்தினார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எந்த முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

மணி அடித்துவிட்டது. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.