பூமலையில ஒரு பால்மரப் பாட்டு

வணக்கங்க. சிங்கப்பூர் தாவரவியல் பூங்கான்னா நம்ம பெரியவங்க யோசிப்பாங்க, பூமலைன்னா டக்குனு புரிஞ்சுக்குவாங்க, அதனால நானும் பூமலைன்னே சொல்றேன். நான் ஓவியம் சொல்லித் தர்றவன், சனிக்கிழமை காலைல 15, 16 வயசுப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேரக் கூட்டிக்கிட்டு அங்க போவேன்.

போனதுமே எல்லாம் ஆர்க்கிட் பக்கம்தான் ஓடும், இல்லன்னா 5 வெள்ளி நோட்டுல இருக்குற அந்தத் தெம்புசு மரம், நோட்ட மரத்துக்கு நேரா புடிச்சு ஒரு போட்டோ. அழகாத்தான் இருக்கும், ஆனா எட்டுப் பேரும் ஒரே படத்த வரைஞ்சா எனக்குச் சலிச்சுப் போகுது. அதனால ஒரு நாள், போன உள்ள வைங்க, 20 நிமிஷம் சும்மா உக்காந்து கேளுங்கன்னேன். ஒரு பொண்ணு, சார் மேல ஏதோ வெடிக்குதுன்னுச்சு. பாத்தா ரப்பர் மரம், நம்ம பால்மரம்தான், காய் வெடிச்சு கொட்டை தெறிக்குது.

1877ல லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துலேர்ந்து 22 ரப்பர் கன்னு இங்க வந்துச்சு, அப்புறம் 1888ல பூமலைக்கு இயக்குநரா வந்த ரிட்லி, மரம் சாகாம பால் எடுக்குறதுக்கு ஒரு வெட்டு முறைய உருவாக்குனாரு, விதைய பாக்கெட்டுல வச்சுக்கிட்டு பாக்குற தோட்டக்காரங்ககிட்ட எல்லாம் நட்டுப் பாருங்க, நட்டுப் பாருங்கன்னு கெஞ்சுனதால அவருக்குக் கிறுக்கு ரிட்லின்னே பேரு. அந்தக் கிறுக்குலதான் மலாயா முழுக்க பால்மரக் காடாச்சு, நம்ம ஆளுங்க கப்பல் கப்பலா வந்து இறங்குனாங்க.

இத நான் சொல்லிக்கிட்டு இருக்கப்பவே அந்தப் பொண்ணு, எங்க பாட்டி ஜொகூர் எஸ்டேட்டுல பால் வெட்டுனவங்க சார்னுச்சு. அடுத்த வாரம் பாட்டிகிட்ட கேட்ட வார்த்தைங்களோட வந்துச்சு, பெரட்டுன்னா காலைல ஆளெடுக்குறது, மங்குன்னா பால் புடிக்குற கிண்ணம், ஒட்டுப்பால்னா வெட்டுல உறைஞ்சு ஒட்டுன பால். கூட இருந்த பையன் காய் வெடிக்குற சத்தத்தயே ரெக்கார்ட் பண்ணி பீட்டாக்கி அந்த வார்த்தைங்கள மேல போட்டான். இவ பழுப்புப் பேப்பர்ல மரப்பட்டைய ஆள் உசரத்துக்கு வரைஞ்சா, சாய்வா வெட்டு, கீழ மங்கு, அதப் புடிச்ச ஒரு கை. 1890கள்லயே இலங்கையிலேர்ந்து ஓவியருங்க வந்து பூமலைச் செடிங்கள இலை, பூ, காய்னு பிரிச்சுப் பிரிச்சு வரைஞ்சாங்க, ஆனா தாவரப் படத்துல கைக்கு எங்க இடம்?

பாட்ட பாட்டிக்குப் போட்டுக் காட்டுனோம். ஹெட்போன கழட்டிட்டு, வேகம் பத்தலப்பா, நாங்க இதவிட வேகமா வெட்டுவோம்னாங்க. பையன் மூஞ்சி சுண்டிருச்சு, ஆனா ராத்திரியே டெம்போவ ஏத்திட்டான்.

அந்த வெர்ஷனத்தான் கொண்டாந்திருக்கேன், நடுவுல ஒரு பிளேன் சத்தம் வரும், எடுக்க மாட்டேன்னுட்டாங்க. போடுங்க தம்பி.