பழைய டிஸ்கைக் கைவிடாத கன்சோல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ கேம் கன்சோல் வாங்குவதென்றால், ஏற்றது சோனியின் பிளேஸ்டேஷன் 5-ஆ, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸா? இதுதான் தலைப்பு. நான் எக்ஸ்பாக்ஸ் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். பிளேஸ்டேஷனின் எஸ்எஸ்டி, அதாவது கேம்களைச் சேமித்து வைக்கும் டிரைவ், வேகமானது. அதன் கன்ட்ரோலர் அருமையானது. எக்ஸ்பாக்ஸ் கேம்களே இப்போது பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டன.

முதல் இரண்டையும் நான் மறுக்கப் போவதில்லை. நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிற எஸ்எஸ்டிக்கு முன்னால் எங்கள் 2.4 ஜிபி குறைவுதான். கிராஃபிக்ஸ் கணக்குப் போடும் திறனில் எங்களுடையது 12 டெராஃப்ளாப்ஸ், உங்களுடையது 10.28 என்று பதிலுக்கு நானும் சொல்லலாம். ஆனால் இரண்டிலும் இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 பிராசசர், இரண்டிலும் 16 ஜிபி மெமரி, இரண்டும் 2020 நவம்பரில் ஒரே வாரத்தில் வந்தவை. எண்களை வைத்துச் சண்டை போட்டால் பொழுதுதான் போகும். கன்ட்ரோலர் விஷயத்திலும் நண்பர் சொன்னது சரி. கேமில் வில்லை இழுக்கும்போது ட்ரிகர் பட்டன் இறுகி விரலை எதிர்க்கிறதே, அது எனக்கும் பிடிக்கும்.

நான் கேட்பது வேறு. நாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கேம்கள் என்ன ஆகின்றன?

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் வந்தது. அன்றைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த அதன் டிஸ்கை இன்று சீரிஸ் எக்ஸுக்குள் தள்ளுங்கள். கன்சோல் டிஸ்கைப் படித்து இது இன்ன கேம் என்று கண்டுகொள்கிறது. புதிய கன்சோலில் ஓடும்படி தயாரித்து வைத்த வடிவத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. டிஸ்க் உள்ளே இருந்தால் போதும், கேம் உங்களுடையது என்பதற்கு அதுவே சாட்சி. கூடுதலாகப் பணம் கேட்பதில்லை. அன்று 720பி அளவில் பார்த்த பாலைவனம் இப்போது 4கே-யில் விரிகிறது. 360-இல் ஆடும்போதே, எதுவரை ஆடினோம் என்பதைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்பைக் கிளவுடில் ஏற்றி வைத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து குதிரையைக் கிளப்பலாம். இன்னும் சில கேம்களில், மூல நிரலைத் தொடாமலேயே, நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடியதை 60 ஆக்கியிருக்கிறார்கள்.

அதே கேமின் பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் வைத்திருப்பவர் நிலைமை என்ன? பிளேஸ்டேஷன் 5-இல் அது ஓடாது. பிளேஸ்டேஷன் 3-இல் இருந்த செல் பிராசசரின் அமைப்பே தனி, அதைப் புதிய கன்சோலில் போலச் செய்வது கடினம். காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சுமையை வாங்கியவர் தலையில் ஏன் வைக்க வேண்டும்? 2023-இல் பிளேஸ்டேஷன் 4-க்கென்று ஒரு பதிப்பு வந்தது. அதைத் தனியாக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. இரண்டு நண்பர்கள் ஒரே கேமை ஒரே நாளில் வாங்கினார்கள் என்று வையுங்கள். ஒருவர் டிஸ்கைப் போட்டு ஆடுகிறார், இன்னொருவர் மறுபடியும் பர்ஸைத் திறக்கிறார். நடுவர் அவர்களே, இது நியாயமா?

எல்லா 360 கேமும் இப்படி ஓடுவதில்லை, உண்மைதான். 600-க்கு மேல் வந்தன, பாதிகூட இல்லை. உரிமச் சிக்கல்களால் 2021 நவம்பரோடு புதிதாகச் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம், எக்ஸ்பாக்ஸின் சிறிய மாடலான சீரிஸ் எஸ்ஸிலும் 2024-இல் வந்த வெள்ளை நிற சீரிஸ் எக்ஸிலும் டிஸ்க் டிரைவே கிடையாது. டிஸ்க் வைத்திருப்பவர்கள் பார்த்து வாங்குங்கள். இத்தனை குறையோடும், பழைய டிஸ்குக்கு மரியாதை கொடுப்பதில் பிளேஸ்டேஷன் 5 பக்கத்தில்கூட வர முடியாது.

"பழைய கேமை இன்று யார் ஆடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். இன்று நீங்கள் ஆசையாக வாங்குகிற புதுக் கேம் பத்து வருடத்தில் பழசாகத்தானே போகிறது! 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3-இன் ஆன்லைன் கடையை மூடப்போவதாக சோனி அறிவித்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு, ஏப்ரலில் முடிவை மாற்றிக்கொண்டது. மைக்ரோசாஃப்டும் 2024 ஜூலையில் 360 கடையை மூடியது. ஆனால் புதிய கன்சோலில் ஓடும் அந்த 360 கேம்களைப் புதிய கன்சோலின் கடையில் அதற்குப் பிறகும் வாங்க முடிந்தது.

மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். ஃபோர்ஸா ஹொரைசன் 5 கேம் 2025-இல் பிளேஸ்டேஷனுக்குப் போனது. போகட்டும், இன்னும் நிறையப் பேர் ஆடட்டும். ஆனால் எக்ஸ்பாக்ஸில் அதை வாங்கியவர் அங்கே போனால் திரும்பவும் விலை கொடுக்க வேண்டும். இங்கேயே இருந்தால், டிஜிட்டலாக வாங்கிய அந்தக் கேமைக் கம்ப்யூட்டரிலும் அதே சேவோடு தொடரலாம்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. பிளேஸ்டேஷன் 3 காலத்தில் ஒருவர் அலமாரி நிறைய வாங்கிச் சேர்த்த டிஸ்குகளுக்கு உங்கள் பிளேஸ்டேஷன் 5 என்ன வழி சொல்கிறது? பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.