கல்லீரலில் சீழ்... டாக்டர் ஏன் கண்ணைப் பற்றிக் கேட்கிறார்?

வணக்கம். ஒருவருக்கு நாலு நாளாக நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி. உடனே டாக்டர் கேட்கிறார்: "கண் மங்கலாத் தெரியுதா?"

கல்லீரலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன்.

பின்னணி ரொம்பச் சின்னது. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. பித்தக்குழாயும் குடலில்தான் திறக்கிறது. பாக்டீரியா இந்த இரண்டு வழியிலும் ஏறி வரலாம்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். 1980-களில் தைவான் மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். பித்தக்குழாயில் கல் இல்லை, குடலில் நோய் இல்லை, ஆனாலும் கல்லீரலில் சீழ். பலருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சீழைக் கல்ச்சர் செய்தபோது, அதாவது லேபில் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது, வளர்ந்தது கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா, அதிலும் ஒரு முரட்டு வகை.

[திரையில்: கல்ச்சர் தட்டு, மிக அருகில்]

இதை லேபில் எப்படிச் சந்தேகிக்கிறார்கள், பாருங்கள். தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டைக் கம்பி வளையத்தால் தொட்டு மெல்ல மேலே தூக்குவார்கள். சாதாரண வகை ஒட்டாமல் விட்டுவிடும். இதுவோ பிசின் மாதிரி நூலாக இழுபடும்! நூல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பாசிட்டிவ். ஒரு கம்பி வளையம் போதும். எவ்வளவு அழகான சோதனை! இது மட்டுமே முடிவான ஆதாரம் ஆகாது, ஆனால் உஷார்ப்படுத்திவிடும்.

அந்தப் பிசுபிசுப்புதான் கிருமியின் போர்வை. நம் வெள்ளணுக்களால் அதை எளிதில் விழுங்க முடியாது. தப்பித்த கிருமி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம், கண்ணுக்குள்ளும் இறங்கலாம். கண்ணில் இறங்கினால் சில நாட்களிலேயே பார்வை போய்விடும் அபாயம் உண்டு. அதனால்தான் அந்தக் கேள்வி. மங்கல், கண்வலி எது இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா இன்னொரு அபூர்வம்: அதனால் வரும் கட்டி ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டி போலவே தெரியலாம், பல மாதப் பென்சிலினில் கரையும்.

அப்புறம் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் நோய். ஸ்கேனில் கல்லீரல் தேன்கூடு மாதிரி தெரியலாம். கல்ச்சரில் அந்தக் கிருமி வளர்ந்தாலும், வெளியிலிருந்து கலந்த கிருமி என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. ஆகவே டாக்டர் தன் சந்தேகத்தை லேபுக்கு எழுதி அனுப்பியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 2 வாரம், பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமாவது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

பொதுவான வழி இதுதான்: முதலில் ரத்தக் கல்ச்சர், தாமதிக்காமல் ஆன்டிபயாட்டிக், ஊசியால் சீழை உறிஞ்சிச் சோதனை. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலும் குழாய் வைத்து வடிப்பார்கள்.

லேபில் வேலை செய்கிறவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? அந்த நூல் எவ்வளவு நீளம் இழுபட்டது என்று கமென்டில் எழுதுங்கள்.