நீலம் இல்லாத நீல வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் விளவங்கோட்டுப் பகுதியில் வளர்ந்தவன் நான். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீல வெளிச்சம்’ என்ற பேய்க்கதையும், அதற்கு அவரே திரைக்கதை எழுதி, 1964-இல் ஏ. வின்சென்ட் இயக்கத்தில் வெளிவந்த ‘பார்கவி நிலையம்’ படமும் நெடுங்காலமாக என் மனத்தில் இருப்பவை.

கதை சிறியது. காதலில் ஏமாந்து கிணற்றில் குதித்து இறந்த பார்கவி உலவுவதாக ஊரார் ஒதுக்கிவைத்த வீட்டை, ஓர் எழுத்தாளர் வாடகைக்கு எடுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அவளைப் பார்கவிக்குட்டி என்று பிரியமாக அழைத்து, உடன் குடியிருப்பவளிடம் பேசுவதுபோலவே பேசிப் பழகுகிறார். ஓர் இரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது. நண்பர்களிடம் எண்ணெய் வாங்கித் திரும்பினால், அணைந்த அதே விளக்கு எரிகிறது. அறை முழுவதும் நீல வெளிச்சம். ஏற்றியவர் யார் என்று பஷீர் சொல்வதில்லை.

சிம்னி விளக்கில் படித்த நேயர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். எண்ணெய் தீரும்போது சுடர் சுருங்கும், திரி கருகும் வாடை எழும், கண்ணாடியின் கழுத்தில் கரி படியும். திரியை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. அணைந்த பின்பும் திரியின் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு சற்று நேரம் நிற்கும். அந்த விளக்கா எரிந்தது? என் பாட்டி சொன்ன கள்ளியங்காட்டு நீலி, சுண்ணாம்பு கேட்டு வந்து உயிரைக் குடிப்பவள். பஷீரின் பேயோ, எழுதுகிறவனுக்கு விளக்கேற்றி வைக்கிறாள். இந்த ஓர் இடத்துக்காகவே நான் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

இனி படத்துக்கு வருவோம். அது கறுப்பு வெள்ளைப் படம். கதையின் உயிரான நீலத்தைத் திரையில் காட்டவே வழியில்லை. அதே 1964-இல் தமிழில் ‘காதலிக்க நேரமில்லை’யை வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்த வின்சென்ட்டுக்கு அந்தக் குறை தெரியாமல் இருந்திருக்காது. கதையில் வதந்தியாக மட்டும் வந்துபோகும் பார்கவிக்கு, பஷீர் திரைக்கதையில் ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்தார்: சசிகுமார் என்ற காதலன், நாணுக்குட்டன் என்ற கொடியவன், பாட்டு, நடனம். கதையின் மௌனம் இதனால் குறைந்தது என்பது உண்மைதான். ஆனாலும், தன் கதையைத் தானே விரித்து எழுதும் உரிமையைப் பஷீர் அன்போடு பயன்படுத்தினார் என்றே நான் கருதுகிறேன். நிறம் செய்ய வேண்டிய வேலையைப் பாபுராஜின் இசை செய்தது. யேசுதாஸ் பாடிய ‘தாமசமெந்தே வருவான்’ கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

ஆஷிக் அபு 2023-இல் இதே கதையை வண்ணத்தில் எடுத்ததைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. பழைய பாடல்களை அவர்கள் கைவிடாமல் புதிதாகப் பாடவைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்து, 1964-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து ‘ஏகாந்ததயுடெ அபார தீரம்’ ஒலிக்கும். பாடுபவர் நம் திருவட்டாற்றில் பிறந்த கமுகற புருஷோத்தமன். வணக்கம்.